மருந்து கேனில்தான் வரும்

மாயமருந்தை வைத்துப் பிழைக்கிற ஆள் வேண்டுமென்றால், மூளை உள்ளவர்கள் ரசவாதியை எடுப்பார்கள். கொஞ்சம் மூளை உள்ளவர்கள் சூனியக்காரியை எடுப்பார்கள். மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் கள்வனை எடுப்பார்கள். இன்பராஜ் சுமைகாரனை எடுத்தார்.

'எடுத்தார்' என்றே எழுதுகிறேன். நாற்பதைத் தொடப் போகிற மனிதர், இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அப்பா. மரியாதை வினைமுற்றிலாவது இருந்துவிட்டுப் போகட்டும். அப்போது என் மனதில் அது சுத்தமாக இல்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். குகைக்குள் நுழைகிறீர்கள், எதிரே ஓநாய் நிற்கிறது என்பார். மற்ற மூன்று பேரிடமும் ஆளுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம் இருக்கும். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரத்தின் பலம், பலவீனம், கையிருப்பு எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். பாத்திரம் செத்தால் தாளைக் கிழித்துவிட வேண்டும். எங்கள் மேஜையில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவர் தன் முறையைப் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. அவர் 'முடிஞ்சுது' என்று சொன்ன பிறகுதான் அவர் செய்தது பலிக்கும்.

கதை நடத்துவது வசந்த். பெங்களூரில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, ஆம்பூரில் அப்பாவின் ஷூ சோல், பசை விற்கும் கடைக்கே திரும்பி வந்துவிட்டான். வேலைக்குத்தான் அவனைப் பிடிக்காமல் போயிருக்கும் என்பது என் எண்ணம். கடை மாடியில் ஓர் அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு அங்கே கூடுவோம். கீழேயிருந்து வருகிற பசை நாற்றத்தில் முதல் அரைமணி நேரம் எல்லோருக்கும் தலை கிறுகிறுக்கும்.

விதிப்புத்தகத்தையும் அவனே தமிழில் எழுதினான். மந்திரநீர், மாயக்குப்பி என்று எத்தனையோ சொல் இருக்க, குடித்தால் காயம் ஆறுகிற, பலம் ஏறுகிற அத்தனை திரவத்துக்கும் 'மருந்து' என்று ஒரே பெயர் வைத்தான். எல்லாக் கேடும் அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது.

நான் கவிப்ரியா. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒரு ஷூ கம்பெனியில் காஸ்டிங் பிரிவில், அதாவது விலைக் கணக்குப் போடுகிற இடத்தில், வேலை பார்க்கிறேன். என் பாத்திரம் நீலவேணி, ரசவாதி, இரண்டு வருடமாக உயிரோடு இருப்பவள். நான்காவது ஆள் அன்பரசன். இன்னொரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவன் வைத்திருப்பது போர்வீரன். அவனைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கதவைக் கண்டால் உடைப்பான், ஆளைக் கண்டால் வெட்டுவான், நடுவில் போனைப் பார்ப்பான்.

இப்போது மருந்துக் கணக்குக்கு வருகிறேன். ரசவாதிக்கு ஒவ்வொரு விடியலிலும் ஆறு குப்பி மருந்து சும்மா கிடைக்கும். எறியலாம், குடிக்கலாம், அடுத்தவருக்கு ஊட்டலாம். ராத்திரிக்குள் தீர்க்காவிட்டால் கெட்டுப்போகும் என்பது ஒன்றுதான் குறை. அது திட்டம் போடத் தெரியாதவர்களுக்குத்தான் குறை. சூனியக்காரி கொப்பரையில் காய்ச்சுவாள். ஊருக்கே ஊற்றலாம், ஆனால் கொப்பரையை விட்டு நகர முடியாது. எதிரியே நடந்து வந்து வரிசையில் நின்றால் நல்ல ஆள்தான். கள்வன் ஒரே மூச்சில் ஒரு குப்பியைக் குடித்து இன்னொன்றை எறிவான். அந்த இரண்டு குப்பியையும் முதலில் யாரிடமாவது திருட வேண்டும், வழக்கமாக என்னிடம். மந்திரவாதி மருந்து காய்ச்சுவதைப் பற்றி வசந்த் மூன்று பக்கம் எழுதியிருக்கிறான். மூன்றையும் படித்தேன். அவன் ஏன் பெங்களூரிலிருந்து திரும்பினான் என்பது புரிந்தது.

சுமைகாரனுக்கு எந்த வித்தையும் கிடையாது. நூற்றைம்பது கிலோ தூக்குவான், அவ்வளவுதான். வசந்த் வேடிக்கைக்காகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சேர்த்த பாத்திரம் அது.

இன்பராஜ் எங்களிடம் வந்தது பகடை உருட்டத் தோல் கொடுக்க. மரமேஜையில் பகடை சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று வசந்த் யாரிடமோ சொல்ல, அவர் ஒரு துண்டுத் தோலை அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து எடுத்து வந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரம் ஆலங்காயம் பக்கத்திலிருந்து டிவிஎஸ்ஸில் வந்து, எல்லோருக்கும் முன்னால் நாற்காலியில் இருந்தார்.

வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் அவருக்கு இருபது வருட வேலை. அறை அளவுக்குப் பெரிய மர டிரம்மில் தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிட்டு, அதில் ரசாயனம் ஊற்றுகிறவர். நகங்கள் நீலம் பாரித்திருக்கும். டிரம் சத்தத்தில் இடது காது போய்விட்டதால் பக்கத்தில் இருப்பவரிடமும் ஏதோ ஏலகிரி உச்சியில் நிற்பவரைக் கூப்பிடுவது போலப் பேசுவார். மனைவி மேகலா எங்கள் கம்பெனியில்தான் தையல் பிரிவில் இருக்கிறார், அடக்கமான பெண். வீட்டில் அவர் எப்படிக் காலம் தள்ளுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

டேனரிக்காரர்களுக்கு ரசாயனம் என்றால் மருந்து. மருந்து கேனில் வரும். ஆகவே விதிப்புத்தகத்தில் 'மருந்து' என்று படித்ததும் இன்பராஜின் மனதில் வந்தது கண்ணாடிக் குப்பி இல்லை. இருபது லிட்டர் நீலக் கேன்.

"இதைத் தூக்க இவங்கள்ல யாரு இருக்கா?" என்று கேட்டார், பாத்திரம் தேர்ந்தெடுக்கிற அன்றைக்கு.

"எதைண்ணா?" என்றான் வசந்த்.

"மருந்து கேனை."

அன்பரசன் சிரித்தான். நான் சிரிக்கக்கூட இல்லை. வசந்த் மட்டும் வேலை மெனக்கெட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சுமைகாரனைக் காட்டினான். இன்பராஜ் அவனுக்குக் காசி என்று பெயர் வைத்தார். கதைக்குள் வந்த ஒரு ஊரில் எல்லாச் சரக்கையும் விற்று, வைத்தியரிடம் கேன் நிறைய உயிர்மருந்து வாங்கி, காசியின் முதுகில் ஏற்றினார்.

அதோடு விட்டாரா, இல்லை. மூன்றாவது வாரம் அன்பரசனின் போர்வீரனுக்குக் காயம். "ஒரு குப்பி குடு" என்றான் அவன்.

"இன்னா எடை?" என்றார் இன்பராஜ்.

"எதுக்கு?"

"எடை தெரியாம எப்படி மருந்து குடுக்கிறது? எண்பது கிலோ ஆளுக்கும் நாப்பது கிலோ ஆளுக்கும் ஒரே குப்பியா? எங்க டேனரில எல்லாமே தோல் எடைக்கு இத்தினி பர்சன்ட்டுன்னுதான் கணக்கு. அதையும் ஒரேடியா கொட்டக் கூடாது, மேல்தோல் பொசுங்கிடும். மூணு ஃபீடா பிரிச்சு ஊத்தி, நடுவுல டிரம்மை ஓட விடணும்."

இது ஒரு விளையாட்டு, கற்பனை, இதில் தோலும் இல்லை டிரம்மும் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், எடை இன்னான்னு சொல்லட்டும்" என்றார். என்னை அவர் எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண் எந்தக் கம்பெனியில் இருந்தாலும் அவருக்கு மேடம்தான்.

வசந்துக்கு இது பிடித்துப் போய்விட்டது. அவனுக்குப் பிடிக்காத முட்டாள்தனம் எது? அடுத்த வாரமே புது விதி வந்தது. பத்துக் கிலோ எடைக்குக் கேன் மூடியால் ஒரு மூடி உயிர்மருந்து. கம்மியானால் பலிக்காது, கொஞ்சம் ஜாஸ்தியானால் மயக்கம். அளவு இரண்டு மடங்கானால் பகடையே வேண்டாம், சாவு. எல்லோரும் அவரவர் தாளில் எடையை எழுதிக்கொண்டோம். நீலவேணிக்கு ஐம்பது கிலோ என்று எழுதினேன். இரண்டு வருடம் நான் கணக்குப் போட்டு வளர்த்த ஆறு குப்பிகளும் ஒரே நாளில் மூடிக் கணக்குக்குள் அடங்கிப் போயின. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது.

அந்தச் சமயம் பார்த்து இன்பராஜ், ரசாயனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியும் பென்சிலுமாக மேஜையைச் சுற்றி வந்தார். "நீலவேணி எடை சொல்லுங்க மேடம், எழுதி வெச்சுக்கிறேன். அவசரத்துல கேட்டுக்கிட்டு நிக்க முடியாது."

"போட்டுக்கோங்க, நூறு கிலோ" என்றேன்.

நக்கல் என்று யாருக்கும் புரியும். அவர் எழுதிக்கொண்டு போனார். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

அவர் வந்த பிறகு ஐந்து மணிக்கு முடிகிற ஆட்டம் ஏழு மணிக்கு இழுத்தது. ஒவ்வொரு முறையும் ஃபீட், ஓட்டம், ஃபீட். முடிஞ்சுது என்று சொல்லவும் அவருக்கு வராது. "டிரம் நின்னுச்சு" என்பார். நடுவில் டேனரிக் கதை வேறு. ஒரு தடவை ஆபீஸில் யாரோ எண்ணூறு கிலோ தோல் லாட்டை ஆயிரத்து இருநூறு என்று எழுதிக் கொடுத்துவிட, இவர் அந்த எடைக்கே மருந்து ஊற்றி, டிரம் தோல் மொத்தமும் வீணாகிவிட்டதாம். விசாரணையில் இவர் தன் தப்பு என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தாராம்.

"எழுதினவன் பேரைச் சொல்ல வேண்டியதுதானேண்ணா" என்றான் அன்பரசன்.

"எழுதினவன் எழுதினான். தராசுல ஏத்திப் பாக்காம கலந்தது யாரு, நான்தானே."

இப்படிப்பட்டவரிடமிருந்து எந்த டேனரியும் எதை வேண்டுமானாலும் ஏமாற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு முடிவோடு போனேன். மருந்துக்கு எந்தப் பாத்திரம் ஏற்றது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு பக்க அட்டவணை தயாரித்திருந்தேன். வேகம், செலவு, ஆபத்து, தூரம், எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ரசவாதிக்கு எண்பத்தாறு. சூனியக்காரிக்கு எழுபத்திரண்டு. கள்வனுக்கு ஐம்பத்தெட்டு. சுமைகாரனுக்குப் பதினொன்று, அதுவும் கேன் காலியானால் தலைக்கு வைத்துப் படுக்கலாம் என்பதற்காக. அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"இந்தக் கேன் என்னைக்காவது நம்மள்ல ஒருத்தரைக் கொல்லும். அப்படிக் கொன்னா, இன்பராஜ் அண்ணா இந்த மேஜைக்கு வரக் கூடாது. சம்மதமா?" என்றேன்.

வசந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இன்பராஜ், "சரிங்க மேடம்" என்றார். கொஞ்ச நேரம் பகடைத் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, தன் காதுக்கு அது மெதுவான குரல் என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஆனா வராம இருந்தா எனக்குக் கஷ்டமா இருக்கும். வாரம் பூரா டிரம்கிட்ட நிக்கிறேன். அங்க யாரு இன்னா பேசினாலும் பாதிதான் கேக்கும். வீட்டுலயும் நான் கத்துறேன்னு புள்ளைங்க உள்ள போய்டுதுங்க. இங்கதான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் மூணு பேரு கம்முனு காத்துக்கிட்டு இருக்கீங்க."

எங்கள் சட்டத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார், பாவம் என்று உள்ளுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து அது நடந்தது. காட்டுக்குள் ஒரு பாழடைந்த கோட்டை. ஓநாய்க் கூட்டம். நான் ஆறு குப்பியையும் எறிந்து தீர்த்தேன். அட்டவணைப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் ஏழாவதாக ஒரு ஓநாய் இருந்தது. பகடையில் எனக்கு இரண்டு விழுந்தது. நீலவேணி கழுத்தில் கடிபட்டுச் சாய்ந்தாள். அடுத்த சுற்றுக்குள் மருந்து ஏறாவிட்டால் அவள் கதை முடிந்தது என்றான் வசந்த். அன்பரசன் ஓநாயை வெட்டிவிட்டுப் போனை எடுத்தான்.

இன்பராஜின் முறை. காசி கேனை இறக்கினான். இன்பராஜ் டைரியைத் திறந்து பார்த்து, விரல் விட்டு எண்ணி, "முதல் ஃபீட் நாலு மூடி" என்றார். சொல்லிவிட்டு, தோல் மேல் உள்ளங்கையை வைத்து வட்டமாகச் சுற்றினார். அதுதான் டிரம் ஓடுகிறதாம். "ரெண்டாவது ஃபீட் மூணு மூடி." மறுபடியும் கை சுற்றியது. நான் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். "மூணாவது ஃபீட் மூணு மூடி. பத்தும் போய்ட்டுது."

"பத்தா?" என்றான் வசந்த். என் தாளை இழுத்துப் பார்த்தான். "அண்ணா, இவ ஐம்பது கிலோ. அஞ்சு மூடிதான். பத்துன்னா ரெண்டு மடங்கு."

எனக்கு அந்த நொடியில்தான் நூறு கிலோ ஞாபகம் வந்தது.

இன்பராஜ் டைரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டைரியை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"தப்பா எழுதிட்டேன் போல. சரிபாக்காம கலந்தவன் நான்தான்" என்றார். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "வர்றேன் வசந்த். தோலு இங்கியே இருக்கட்டும்."

படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. நூறு கிலோ என்று சொன்னது நான்தான் என்பதை நான் சொல்லவில்லை. பந்தயத்தில் ஜெயித்திருந்தேன். நான் எழுதிய அட்டவணை சரி என்று ஆகியிருந்தது. அறை இரண்டு மாதத்துக்குப் பிறகு அமைதியாக இருந்தது. அன்பரசன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். கீழே டிவிஎஸ்ஸை உதைக்கிற சத்தம் கேட்டது. முதல் உதையில் அது கிளம்பவில்லை.

எண்ணூறு கிலோவை ஆயிரத்து இருநூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதமும் வாயைத் திறக்காமல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவரை நான் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை. இப்போது அந்த ஆபீஸ்காரரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது உதையும் பலிக்கவில்லை.

ஜன்னலுக்குப் போனேன். "இன்பராஜ் அண்ணா" என்றேன். கேட்கவில்லை. அவருடைய இடது காது என் பக்கம் இருந்தது.

"அண்ணா, உங்க முறை முடியல" என்று கத்தினேன். "நீங்க டிரம் நின்னுச்சுன்னு சொல்லவே இல்ல. சொல்லாம மருந்து பலிக்காது."

"இன்னா மேடம்?"

"எடையைத் தப்பா சொன்னது நான்."

"கேக்கல மேடம், சத்தமா சொல்லுங்க."

எதிர் டீக்கடையில் நாலு பேர் கிளாஸோடு நிமிர்ந்து பார்த்தார்கள். என் கம்பெனி கட்டிங் சூப்பர்வைசர் ஜான்சன் அவர்களில் ஒருவர். இத்தனை நாள் யாருடைய குரலைக் கேட்டு முகம் சுளித்தேனோ, அவருடைய குரலை விடப் பெரிய குரலில், அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"என் எடை நூறு கிலோன்னு பொய் சொன்னேன். வேணும்னே சொன்னேன். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல. மேல வாங்க."

ஜான்சன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீலவேணி என்று ஒருத்தி இருப்பதை அவருக்கு எங்கிருந்து விளக்குவது. இன்பராஜ் வண்டியை ஸ்டாண்டு போட்டார்.

மேலே வந்ததும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் வசந்திடம் சட்டம் பேசினேன். முறை முடியவில்லை, ஆகவே எதுவும் பலிக்கவில்லை, எடையைத் திருத்திக்கொண்டு ஐந்து மூடியிலிருந்து மறுபடி தொடங்கலாம். நீலவேணியும் பிழைப்பாள், அண்ணாவும் இருப்பார். வசந்த் தலையாட்டினான். விதிப்படி நான் சொன்னது சரி.

"இல்லம்மா" என்றார் இன்பராஜ். "மருந்து உள்ள போனா போனதுதான். வெளிய எடுக்கிற வேலை எந்த டேனரிலயும் இல்ல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தோல் மேல் உள்ளங்கையை வைத்து ஒரே ஒரு சுற்று சுற்றினார்.

"டிரம் நின்னுச்சு."

நீலவேணி செத்தாள். தாளை நானே கிழித்தேன். இரண்டு வருடத் தாள், அழித்து அழித்து எழுதி நடுவில் மெலிந்து போயிருந்தது, சத்தமே இல்லாமல் கிழிந்தது. கொன்றது கேன் இல்லை, என் வாய்தான், அதனால் பந்தயம் செல்லாது என்றும் சொன்னேன். சரி, செல்லாது என்றான் வசந்த்.

"டைரியில என் பேர் போட்டு நூறுன்னு இருந்துதில்ல? காட்டியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"எழுதும்போதே சந்தேகம்தான். இந்தப் பொண்ணு நூறு கிலோவான்னு" என்றார் அவர். "ஆனா மேடம் கணக்கு பாக்கிறவங்க, எடையைப் பொய்யா சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

கிழித்த தாளின் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினேன். அவர் திட்டவே இல்லை.

வசந்த் ஒரு புதுத் தாளை என் பக்கம் தள்ளினான். ரசவாதி என்றே மறுபடியும் எழுதினேன். எண்பத்தாறு மதிப்பெண் எண்பத்தாறுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பேர் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இன்பராஜ் டைரியைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

"புது ஆளு இன்னா எடை?"

"ஐம்பத்தி ரெண்டு" என்றேன்.

அவர் எழுதவில்லை. பென்சிலைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"நெஜமாவா?"